மாசியில் மலை ஏறுவது

போடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலை முகத்துக்கு நேராக நிற்கும். மாசி பிறந்துவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் பாதிப் பேர் மாடியில்தான் இருப்பார்கள். கீழே புழுக்கம் என்பது ஒரு காரணம். மலையில் தீ எரிவது இன்னொரு காரணம். இருட்டில் மலை தெரியாது, தீ மட்டும் தெரியும். அந்தரத்தில் ஒரு கோடு நெளிந்து நெளிந்து நகரும். “மலைக்கு மாலை போட்டாச்சு” என்பார் பக்கத்து வீட்டு அப்பத்தா. மலை எரிந்தால் சீக்கிரம் மழை இறங்கும் என்றும் சொல்வார். 1970-களின் கடைசி வருடங்கள் அவை. அங்கே யாராவது இருப்பார்களா, மாடு கன்று இருக்குமா என்று மாடியில் நின்ற யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பார்க்க நன்றாக இருந்தது, பார்த்தோம்.

கேட்கத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார், என் தாய்மாமா. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. ஊருக்கு வந்திருக்கும் நாளில் மாடிக்கு வந்து ஒரு பார்வை பார்ப்பார். “இது இறங்குற தீ. விடிய விடிய எரிஞ்சாலும் ஒரு பர்லாங்கு போகாது” என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்க உட்கார்ந்துவிடுவார். இன்னொரு நாள் எங்கள் கண்ணுக்கு அதே மாதிரிதான் ஒரு கோடு தெரியும். அவர் ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டக்காரர் வீட்டுக்கு நடையைக் கட்டுவார். இரண்டு கோட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரிய ஒரு சிவராத்திரி வரவேண்டியிருந்தது.

அந்த சிவராத்திரி லீவுக்கு மாமா என்னை மேலே கூட்டிக்கொண்டு போனார். போடியிலிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர், பஸ் உண்டு. அங்கிருந்து நடைதான். சாமான் எல்லாம் குதிரை முதுகிலும் கழுதை முதுகிலும் ஏறும். மேலே ஓர் ஊருக்குப் பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். சென்னையில்தான் சென்ட்ரல் ஸ்டேஷன் இருப்பதாக நினைத்திருந்த எனக்கு அந்தப் பெயரே பெரிய வேடிக்கை. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு இந்தப் பக்கம் அடிவாரத்துக்கு இறங்கியிருக்கிறது. உச்சியில் ஒரு ஸ்டேஷன், நடுவில் ஒரு ஸ்டேஷன், அடியில் ஒரு ஸ்டேஷன். 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாக ஆரம்பித்து 1908-இல் சிறு ரயிலாக மாறிய அந்தப் பாதையை 1924 வெள்ளம் கொண்டுபோனது. ரயில் போய் அரை நூற்றாண்டு ஆகியும் ஸ்டேஷன் பெயரை ஊர் விடவில்லை.

குரங்கணியில் படுத்து நாலரை மணிக்கெல்லாம் எழுப்பிவிட்டார் மாமா. கையில் பேட்டரி லைட். “பத்து மணிக்குள்ள புல்லைத் தாண்டிரணும் மாப்ளே. வெயில் ஏறுச்சுன்னா காத்து மேல பாத்து வீச ஆரம்பிச்சிரும்.” அவ்வளவுதான் விளக்கம். பீடி பிடிக்கிற மனிதர். ஆனால் நடக்கும்போது பற்றவைக்கவே இல்லை. பாறை வந்தால் நின்றார், புல் இல்லாத நடுப்பாறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடித்தார், துண்டை எச்சில் தொட்டு அணைத்துத் தகர டப்பாவில் போட்டுக்கொண்டார். வெற்றிலைப் பைக்குள் வெற்றிலையைவிட பீடித் துண்டுதான் அதிகம் என்று அத்தை சலித்துக்கொள்வதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது.

வழியில் ஒரு சரிவு கரிக்கட்டையாகக் கிடந்தது. போன வாரம் எரிந்திருக்க வேண்டும். எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நல்லாப் பாத்து வச்சுக்க. எரிஞ்ச எடத்துல தீ ரெண்டாம் தடவை எரியாது. தீ வந்தா மேல ஓடாத. இந்தக் கரிக்குள்ள வந்து குப்புறப் படு.” இன்னும் கொஞ்ச தூரத்தில் குறுக்கு வழி மாதிரி ஒரு வறண்ட ஓடை தெரிந்தது. அதில் இறங்கலாமா என்று கேட்டேன். ஒரு அதட்டு. “காஞ்ச ஓடை புகைக்கூண்டு மாதிரி. கீழ புடிச்சா நேரா மேல இழுத்துரும். தண்ணி ஓடுற ஆறு வேற, அது கதை வேற.”

இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் கணக்கை நான் வெகுகாலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். சமதரையில் எரியும் தீ தனக்கு முன்னால் இருக்கும் புல்லைப் பக்கவாட்டில்தான் சுடும். சரிவில் ஏறும் தீயோ மேலே இருக்கும் புல்லின் மீது சாய்ந்துகொள்கிறது; தீ போய்ச் சேருமுன்பே அனல் போய்ப் புல்லைக் காயவைத்துத் தயாராக வைத்துவிடுகிறது. தீயைப் பற்றி ஆராய்கிறவர்கள் ஒரு மதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பு. இருபது டிகிரிக்கு நான்கு மடங்கு. மனிதனுக்கு இது நேர்மாறு. சரிவு கூடக் கூட நம் வேகம் குறையும், மூச்சு வாங்கும். மேல்நோக்கி ஓடுகிறவன் தோற்கும் பந்தயத்தில்தான் இறங்குகிறான். இறங்குகிற தீ மட்டும் சோம்பேறி. காற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. பகலில் வெயில் பட்டுச் சூடான காற்று சரிவில் ஏறும். இரவில் குளிர்ந்து இறங்கும். மாமாவின் பத்து மணி எங்கிருந்து வந்தது என்றால் அங்கிருந்துதான். மொட்டை மாடியிலிருந்து அவர் பார்த்த இரண்டு கோடுகளின் வித்தியாசமும் அதுதான்.

மாமா தோட்டத்து ஆள். காட்டு ஆள் இல்லை. இந்த வித்தை அவருக்கு முதுவாக்குடிப் பக்கத்து முதுவர்களிடமிருந்து வந்தது என்று அவரே சொல்வார். தைப்பொங்கல் முடிந்ததும் குடிசையைச் சுற்றி நாலு ஆள் நீளத்துக்குப் புல்லைச் செதுக்கி மண்ணைக் காட்டிவிடுவார்கள். விறகு அடுக்கு வீட்டை ஒட்டி இருக்காது. கூரையில் விழுந்த சருகைத் தள்ளிவிடுவார்கள். தீ வருகிறது என்றால் முதல் வேலை மாட்டுக் கயிற்றை அவிழ்த்துவிடுவது. கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்குத் தப்பிக்க வழி கிடையாது, அவிழ்த்துவிட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்ளும். வனத்துறையும் அதே தை மாதத்தில் கூலிக்கு ஆள் பிடித்துக் கோடு வெட்டும். தீத்தடுப்புக் கோடு என்று காகிதத்தில் எழுதுவார்கள். மலையில் எல்லாருக்கும் அது பயர் லைன். பனி ஈரம் காயாத விடியற்காலையில், இரண்டு பக்கமும் பச்சைத் தழையோடு ஆள் நின்று, நடுவில் இருக்கும் புல்லை மெல்ல எரித்துவிடுவார்கள். பெரிய தீ வந்து அந்தக் கரிக்கோட்டைத் தொட்டதும் தின்ன எதுவும் இல்லாமல் நின்றுவிடும்.

அன்று எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று சொல்ல வரவில்லை. அந்த மாலைகளைப் போட்டவர்கள் மலைமேல் இருந்த மனிதர்கள்தான். மழை விழுந்ததும் இளம்புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரர் வைப்பார். தேன் எடுக்கப் போனவரின் பந்தத்திலிருந்து பொறி விழும். வழி தெரியவேண்டும் என்று பற்றவைத்துவிட்டுப் போகிறவர் உண்டு, வேடிக்கைக்கு வைத்தவரும் உண்டு. நம் நாட்டுக் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதக் கையால் பிடிப்பதுதான். வானத்திலிருந்து விழுவது அபூர்வம். 1882-ஆம் ஆண்டின் சென்னை மாகாண வனச் சட்டமே காப்புக்காட்டில் தீ வைப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் குற்றவாளியையும் காவல்காரனையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் சிக்கல். சருகு குவிந்துவிடாமல் தை மாசியில் தாழ்ந்த தீயாக எரித்துவிடும் பழக்கம் சத்தியமங்கலத்துக்கு வடக்கே பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களிடம் இருந்தது. தரகு பெங்கி என்பார்கள், சருகுத் தீ. அந்த மலை 1974-இல் சரணாலயமானதும் அது நின்றுபோனது. பிறகு அங்கே உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து மண்டியதையும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதையும் சோளகர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களும் அதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். சிறு தீயை நிறுத்தினால் அடுத்து வருவது பெரிய தீ. உண்ணிச்செடிப் புதர் தரைத் தீயை மரக்கிளைக்கு ஏற்றிவிடும் ஏணி.

எங்கள் மலையில் மாற்றம் வேறு வழியாக வந்தது. கூட்டம் கூட்டமாக மேலே போய்வந்த மலைமாடு குறைந்தது. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் காட்டுக்குள் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பின்பு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. அந்த வழக்கின் வேரே எங்கள் மாவட்டத்து மேகமலை. அதற்கு முந்தைய வருடம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகமாகியிருந்தது. மாடு மேய்ந்தால் காடு கெடும் என்பவரிடமும் நியாயம் இருக்கிறது. மாடு மேயாவிட்டால் புல் மாசியில் மார்பளவுக்குக் காய்ந்து நிற்கும் என்பவரிடமும் இருக்கிறது. மேய்க்கிறவரே தீயும் வைப்பார் என்பதையும் சேர்த்தால் வழக்கு முடியவே முடியாது. நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் கண்ணால் பார்த்தது: மாட்டுத்தடம் பிரிந்து பிரிந்து போன சரிவுகளில் இப்போது தடமே இல்லை. ஒரு முழ அகலம் இருந்தாலும் அந்தத் தடங்கள் வெறும் மண். அவையும் சின்னச் சின்ன பயர் லைன்தான்.

மலைக்கு வருகிறவர்களும் மாறினார்கள். மாமா காலத்தில் மலைக்குப் போகிறவருக்கு அங்கே ஜோலி இருக்கும்: தோட்டம், மாடு, தேன், கோயில். வேடிக்கை பார்க்க மலை ஏறுவது என்பதே போடியில் சிரிப்புக்கு இடமான விஷயம். இன்றைக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் சூரியநெல்லியில் விடியுமுன்னே ஜீப்புகள் வரிசை கட்டுகின்றன. கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில், தேனி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் கொழுக்குமலைக்குச் சாலை கேரளா வழியாகத்தான். சூரியன் எழுவதைப் படம் பிடித்துவிட்டு எட்டு மணிக்கு இறங்கிவிடுவார்கள். 2023 ஜூனில் சென்னையிலிருந்து போடிக்கே நேராக ரயில் வந்துவிட்டது. ராத்திரி ஏறினால் காலையில் மலையடிவாரம். வரட்டும். மலை எல்லாருக்கும்தான். ஆனால் வருகிறவரின் கைப்பேசியில் வானிலை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, மாசி என்ற சொல் இல்லை.

அந்தச் சொல் இல்லாததன் விலையை 2018-இல் பார்த்தோம். மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மாசிக் கடைசி. சென்னையிலிருந்தும், ஈரோடு – திருப்பூர் பக்கமிருந்தும் வந்த இரண்டு குழுவினர், முப்பதுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளையவர்கள். முந்தின நாள் குரங்கணியிலிருந்து கொழுக்குமலை ஏறி, இரவு தங்கி, மறுநாள் அதே மலையை இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்தமரம் என்கிற பகுதியில், பிற்பகலில், தீ அவர்களைச் சுற்றிக்கொண்டது. செங்குத்துச் சரிவு, காய்ந்த புல், மேல்நோக்கி வீசும் காற்று. மாமா பத்து மணிக்குள் தாண்டச் சொன்ன எல்லாமும் ஓரிடத்தில் கூடியிருந்தன. சம்பவ இடத்திலும், பின்பு பல வாரங்கள் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்துபோனார்கள்.

அன்று சாயங்காலம் மேலே முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் குரங்கணிக்காரர்களும் மலைமேல் குடியிருந்தவர்களும். போர்வையில் டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள். மறுநாள் விடிந்துதான் விமானப்படை ஹெலிகாப்டரால் முழுமூச்சாக வேலை செய்ய முடிந்தது. போடி அரசு மருத்துவமனை வாசலில் அந்த ராத்திரி நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். ஒவ்வொரு ஆம்புலன்ஸ் வரும்போதும் கூட்டம் விலகி வழிவிட்டது. யாரும் பேசவில்லை. மலைப் பக்கம் பார்த்தேன். கோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. மாலை என்று சொல்ல அப்பத்தா உயிரோடு இல்லை.

போனவர்கள் மேல் பழி போட எனக்கு மனம் வராது. அந்த வருடங்களில் மலையேற்றம் திடீரென்று பெருகியிருந்தது. நல்ல காலணி வந்துவிட்டது, நல்ல முதுகுப்பை வந்துவிட்டது. எந்த மாதம் எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு நிற்கக்கூடாது என்பது மட்டும் கடையில் விற்கவில்லை. தெரிந்தவர்கள் மலையில் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுவிட்டு ஏறுவதென்று எந்த ஏற்பாடும் இல்லை.

அதற்கப்புறம் அரசு அசைந்தது. 2018-லேயே மலையேற்றத்துக்கென்று விதிகள் எழுதப்பட்டன. பாதைகள் சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறக்கூடாது என்றானது. 2024-இல் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையத்தில் பதிவுசெய்து போகும்படி ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டம் வந்தது. உள்ளூர் இளைஞர்களுக்கும் பழங்குடி இளைஞர்களுக்கும் பயிற்சி கொடுத்து அவர்களையே வழிகாட்டியாக வைத்தார்கள். இந்த மொத்த மாற்றத்திலும் எனக்குப் பிடித்தது இதுதான். பட்டியலில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பெயரை எப்போது, எதைப் பார்த்து வைத்தார்களோ.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடிவிடுகிறார்கள். இந்தத் தேதியை முதலில் செய்தித்தாளில் படித்தபோது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக, மாசி ஒன்றிலிருந்து பங்குனி முடிய. மாமா பஞ்சாங்கத்தில் வைத்திருந்ததை அரசாணை காலண்டருக்கு மாற்றி எழுதியிருக்கிறது.

தீயைக் கண்டுபிடிப்பதிலும் காலம் மாறிவிட்டது. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தீ இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. முதலில் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் தெரிந்தது. பிறகு வந்த கருவியில் 375 மீட்டருக்கு ஒரு புள்ளி. வனக்காவலரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். நீங்களும் நானும்கூட எண்ணைப் பதிவுசெய்து வாங்கிக்கொள்ளலாம். காட்டை ஒட்டி வீடோ தோட்டமோ வைத்திருப்பவர் கட்டாயம் செய்யவேண்டிய காரியம் இது. செய்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று என் தெருவில் விசாரித்தேன். என்னோடு சேர்த்து ஒருவர்.

ஆனால் அந்தச் செய்தியை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். 375 மீட்டர் கணக்கில் பார்க்கும் அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் பகல் ஒன்றரை மணி வாக்கிலும் இரவு ஒன்றரை மணி வாக்கிலும் கடந்துபோகின்றன. பகல் மூன்று மணிக்குப் பிடித்த தீ அவற்றின் கண்ணில் பட நடுராத்திரி தாண்டவேண்டும். படம் இறங்கி, கணக்காகி, செய்தியாகி வருவதற்கு மேலும் நேரம். ஒரு காடு எரிவதைச் சொல்ல அது போதும். ஒரு புல்மேட்டில் நிற்கும் ஆளுக்குப் போதாது. அவருக்கு மூக்குதான் செயற்கைக்கோள்.

அணைப்பதில் மாற்றம் கொஞ்சம் விசித்திரமானது. உச்சத்தில் ஹெலிகாப்டர் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கம் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் மலம்புழா அணையில் தண்ணீர் மொண்டுவந்து கொட்டியது. 2024 மார்ச்சில் குன்னூரிலும் அப்படியே. தொலைக்காட்சியில் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. கீழே தரையில், முதுகில் மாட்டிக்கொள்ளும் ப்ளோயர் வந்திருக்கிறது. சருகை ஊதித் தள்ளிக் கோடு போட நல்ல கருவி. அதற்கும் கீழே, கடைசி ஆளின் கையில் இருப்பது இன்றைக்கும் பச்சைத் தழைதான். 2020 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் தீயை அணைக்கப் போன காவலர்கள் மூன்று பேர் தீக்குள்ளேயே இறந்தார்கள். பயர் வாட்சர் என்கிற வேலை பல இடங்களில் சில மாதக் கூலி வேலை. உடம்பில் சாதாரணச் சட்டை.

இனி என் கதை ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன், சென்னையிலிருந்து வந்த உறவினர் குடும்பத்தோடு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதியில் தங்கினேன். பெயர் வேண்டாம். தங்கும் குடில்களுக்கெல்லாம் அழகுக்காகப் புல் கூரை. மலைக்காரர்கள் தகரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் மாறி வெகுகாலம் ஆகிறது; பட்டணத்தார்தான் இப்போது புல் கூரைக்கு அடியில் படுக்கக் காசு கொடுக்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கு கேம்ப் ஃபயர். குடிலிலிருந்து இருபது அடி இருக்கும். கட்டை எரிந்து சரிய, பொறி கிளம்பி ஒரு கூரைமேல் போய் உட்கார்ந்தது. ஒன்று அணைந்தது, இன்னொன்று சிவப்பாகக் கண் சிமிட்டியது. நான் வாளியைத் தேடினேன். வாளி இருந்தது. கூட்டிப் போட்ட சிகரெட் துண்டுகளும் காகிதத் தட்டுகளும் அதற்குள் இருந்தன. பரிமாற வந்த பையன் ஏணி வைத்து ஏறி, குடிநீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து அணைத்தான். பாட்டு நிற்கவில்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். “இத்தனை வருஷமா நடக்குது சார், ஒண்ணும் ஆனதில்லை” என்றார். தீ விஷயத்தில் இதைவிட ஆபத்தான வாக்கியம் எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பார்த்தேன்: விடுதி வேலிக்கு அப்பால் இடுப்பளவு புல், சோலை வரைக்கும்.

வந்த உறவினர் பெண், கல்லூரியில் படிக்கிறவள், “சித்தப்பா, நிஜமாவே தீ வந்தா என்ன பண்றது?” என்று கேட்டாள். மாமா சொன்னதையும் படித்ததையும் கலந்து சொன்னேன். தூரத்தில் புகை தெரிந்தால் படம் எடுக்க நிற்காதே, வந்த வழியே இறங்கி 101-க்கோ 112-க்கோ கூப்பிடு. சிக்னல் இருக்கும் இடத்தை ஏறும்போதே பார்த்து வை. மலையில் பாலியெஸ்டர் போடாதே, அனல் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கை பருத்திச் சட்டை போடு. தீ மேலே ஏறிவருகிறது என்றால் அதோடு போட்டி போட்டு உச்சிக்கு ஓடாதே, பக்கவாட்டில் விலகு. பாறைத்தளம், ஓடும் தண்ணீர், வெட்டாந்தரை, எரிந்து முடிந்த கரி, இவற்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அது உன் இடம். புல்லுக்குள் ஒளியாதே, உயரமான புல் மறைப்பு மாதிரி தெரியும், உண்மையில் அது விறகு. தப்ப வழியே இல்லை என்றால் வெறுந்தரையில் தீப் பக்கம் காலை நீட்டிக் குப்புறப் படுத்து முகத்தை மண்ணில் புதைத்துக்கொள். புல் தீ ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. ஆளைக் கொல்வது அது கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தின் அனலும் புகையும்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். “இதை ஏன் டிக்கெட்டோட சேத்து சொல்லித் தரமாட்டேங்கறாங்க?” என்றாள். விடுதியில் தந்த அட்டையில் காலைச் சாப்பாட்டு நேரம் இருந்தது, வைஃபை கடவுச்சொல் இருந்தது.

இந்த வருடம் மாசி மூன்றாம் வாரம் குரங்கணிக்குப் போனேன். ஏறுவதற்கு இல்லை, சும்மாதான். சோதனைச்சாவடியில் குறுக்குக் கம்பு இறங்கியிருந்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த கார் ஒன்று, ஐந்து பேர். ஒரு மணி நேரம் போய்விட்டு வந்துவிடுகிறோம் என்று காவலரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். அவர் சலிக்காமல் அறிவிப்புப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தார். ஏப்ரலுக்கு அப்புறம் வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன் என்றார். நல்ல மனிதர்.

அப்போது போடி பஸ் வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், தலையில் ரேஷன் அரிசி மூட்டை, கையில் மண்ணெண்ணெய்க் கேனோ எண்ணெய்க் கேனோ. கம்புக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனார். காவலர் தடுக்கவில்லை, மேலே அவருக்கு வீடு இருக்கிறது. காரில் வந்தவர்களில் ஒருவர், “அவங்கள மட்டும் விடறீங்க?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பெண் பத்தடி போய் நின்றார். மூட்டையை ஒரு கையால் பிடித்தபடி திரும்பி, “அண்ணே, மேல எங்கயும் எரியுதா?” என்று கேட்டார்.

காவலர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். “மெசேஜ் எதுவும் வரலம்மா.”

அவர் தலையாட்டினார். பாதையோரப் புல்லில் ஒன்றை இணுங்கி விரலில் ஒடித்தார்; சட்டென்று முறிந்தது. சரிவை அண்ணாந்து பார்த்தார். அப்போது மணி பதினொன்றே கால்.

“சரிண்ணே, நான் ஆத்து வழியாவே போய்க்கிறேன்.”